கார்புரேட்டர்

முதல் நாள் நான் செய்த தவறு
பூனை.
பாயில் குந்திய குண்டுப் பூனை,
பக்கத்துக்கு நான்கே சொல், மீதியெல்லாம் மஞ்சள் நிறம்.
ஜாரெட் ஹியெடாலா,
ஆறடி, பதினைந்து வயது,
மேலுதட்டில் பென்சிலால் கிறுக்கியதுபோல் மீசை,
புத்தகத்தை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினான்.
"என் தங்கச்சிக்குக் குடுங்க."
தங்கை அதை எப்போதோ படித்து முடித்திருந்தாள்.
அதுதான் சங்கதி.

டுலூத்தின் ஏரிக்காற்று எட்டாத அடித்தளத்தில்
கொதிகலனுக்கு அடுத்த அறை எங்களுடையது.
கதவின் கண்ணாடிச் சதுரத்தில்
மரிசோல் கறுப்புத் தாள் ஒட்டினாள், யாரையும் கேட்கவில்லை.
தலைமையாசிரியர் வந்தார், தீ விதிமுறை என்றார்.
நான் மேல் பாதியைக் கிழித்தேன்.
கீழ்ப் பாதி இருந்தது,
உட்கார்ந்தவர்களின் தலைமட்டம் வரை.

சத்தமாகப் படிக்கும் முறை
தன்னை நெருங்குவதை அறிய
இவர்களைப் போல் யாராலும் முடியாது.
கழிப்பறை, அல்லது ஒரு ஜோக்,
அல்லது நாற்காலியை ஓர் உதை.
ஜாரெட்டை மூன்று முறை பள்ளியைவிட்டு நிறுத்தினார்கள்.
மூன்றும் வரலாற்று வகுப்பில்,
இரண்டாம் வரிசை முடிந்து
மூன்றாம் வரிசை தொடங்கும் நேரத்தில்.
கோப்பில் கோபக்காரன் என்று எழுதியிருந்தது.
கோப்பை அவன் படித்ததில்லை.

ஒரு புதன்கிழமை அவன் பையிலிருந்து
எண்ணெய்க் கறை பட்ட தாள் ஒன்று விழுந்தது.
பனிவண்டியின் பாகங்கள், அம்புக்குறிகள்.
இது என்ன என்றேன்.
"கார்புரேட்டர்" என்றான், படத்தைத் தொட்டு,
சொல்லைத் தொடாமல்.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
சொல் நான்கு துண்டானது மேசைமேல்.
துண்டுக்கு ஓர் உயிரெழுத்தாவது வேண்டும்,
உயிர் இல்லாத துண்டு வாயில் நிற்காது என்றேன்.
யோசித்தான்.
"ஸ்பார்க் பிளக் மாதிரி."
ஆமாம்.
அதைவிட நன்றாக
எந்தப் பயிற்சி முகாமிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கார். அது அவனுக்குத் தெரியும்.
பு. ரே. தயங்கினான்.
டர்.
பிறகு நான்கையும் விரலால் நெருக்கினான்,
திருகாணியை இறுக்கும் அளவோடு,
அதிகம் முறுக்காமல்.

சின்னச் சொல் எளிது, பெரிய சொல் கடினம் என்று
எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.
பூனை அவன் யாருடைய பூனையென்றே அறியாதது.
கார்புரேட்டரை இருட்டிலும் கழற்றுவான்.
பாடத்தில் நான் எதையும் மாற்றவில்லை:
ஒலி, எழுத்து, ஒட்டு, மறுபடியும்.
பூனையை மட்டும் வெளியே விட்டேன்.

மரிசோல் வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்தாள்.
ஏழு பக்கம், அம்மாவின் கையெழுத்துடன்.
மூன்று வாரம் அதை அறுத்தோம், அசை அசையாக.
நான்காம் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.
"மிஸ், நாய் வளர்க்கக் கூடாதாம்."
இரண்டு வருடமாக நாய் இருக்கிறது.
அதன் பெயரைக்கூட அன்றுதான் எழுதிப் பார்த்தாள்.

க்வென்டின் ஜனவரிக்குப் பிறகு வரவில்லை.
கூடைப்பந்து கொடுத்தேன், சமையல் கொடுத்தேன்,
ஓட்டுநர் தேர்வு நூலைக் கொடுத்தேன்.
அவன் சொல் எதுவென்று
நான் கண்டுபிடிக்கவே இல்லை.

மார்ச்சில் ஊமை எழுத்துகள்.
கத்திக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை எழுதினேன்.
அதன் முன்னால் ஓர் எழுத்து,
இருக்கும், ஒலிக்காது.
ஜாரெட் முன்னால் சாய்ந்தான்.
"சும்மா நிக்குதா?"
சும்மாதான்.
"எத்தனை வருஷமா?"
நூற்றுக்கணக்கில்.
"யாரும் வெளியே அனுப்பலையா?"

கொதிகலன் ஒரு முறை இருமி ஓய்ந்தது.
அடுத்த சொல் முழங்கால்.
அதிலும் நிற்கிறது
அதே எழுத்து.